மலையேறிய பால் பாட்டில்!

'பாட்டில்' என்றதுமே கண்கள் பளிச்சிடும் இளைஞர்களே, அவசரப்படாதீர்கள். நான் சொல்ல வந்தது பால் பாட்டில் சமாசாரம். சிரிக்காதீங்க சார், நாளைக்கு உங்களுக்கும் உதவும்!

எனக்கு மதுரையில் அக்கவுண்ட்ஸ் வேலை. மாமியார் வீடு கொடைக்கானல் நாயுடுபுரம். மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போனதால், டாக்டர் சொல்லித்தான் பையனுக்குப் புட்டிப்பால். (முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டுமே என்பதுதான் முறை. வேறு வழியில்லாதவர்களுக்குத்தான் இந்தக் கதை.)

பையனுக்கு அஞ்சு மாசம் ஆனதும் ஒரு புதுப் பழக்கம். பாட்டில் காலியான மறு விநாடி வீடே அதிரும்படி ஓர் அலறல். கணக்குப்பிள்ளையான எனக்கு இந்தச் சின்னக் கணக்கு புரியவில்லை. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 150 மில்லி பால். பையன் 6 கிலோ. ஆக 900 மில்லி. ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 150. என்னிடம் இருந்ததோ 125 மில்லி பாட்டில்! பற்றாக்குறை பட்ஜெட்.

ஓடிப்போய் 250 மில்லி வாங்கினேன். அதோடு நின்றிருக்கலாம். "பெரிய பாட்டில்னா பால் சீக்கிரம் வரணுமே" என்று ஊசியைச் சுட வைத்து நிப்பிள் ஓட்டையைப் பெரிசாக்கினேன். என்ஜினீயரிங் மூளை!

மறுநாள் கொடைக்கானல் பஸ். வத்தலகுண்டில் பாலைக் கலந்து, மூடியை இறுக்கிப் பையில் படுக்கப் போட்டேன். பெருமாள்மலை தாண்டியதும் பையன் அழுதான். மூடியைத் திறந்தேனோ இல்லையோ... புஸ்ஸ்! முன் சீட்டுக்காரர் சட்டைக்குப் பாலாபிஷேகம். மேலே ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறையும். உள்ளே அடைபட்ட கீழ்நாட்டுக் காற்று சும்மா இருக்குமா? சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் இதனால்தான். நிமிர்த்தி வைத்து மெதுவாகத் திறந்திருக்க வேண்டும்.

அதுவரை சிரிப்பு. வீட்டுக்குப் போய்ப் புதுசாகப் பால் கலந்து கொடுத்தபோதுதான் வினை. அந்த ஓட்டை வழியாகப் பால் குபுகுபுவென்று இறங்கி, பையனுக்குப் புரையேறிவிட்டது. முகம் சிவந்து, அழுகைச் சத்தமே வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தைதான் பிடுங்கி, கைமேல் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். வீறிட்டு அழுதான். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதே இல்லை.

"மாப்ளே, பாட்டிலைத்தான் பெரிசாக்கணும், ஓட்டையை இல்ல!" என்றார் அத்தை.

அன்று மாலை ஒரு நர்ஸ் அக்கா எனக்கு எடுத்த பாடம் இது:

நிப்பிளில் மெதுவானது, நடுத்தரம், வேகமானது என்று ரகம் உண்டு. வயசுக்கேற்றதை வாங்க வேண்டும். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒழுகினால் தூக்கி எறியுங்கள்.

250 மில்லி பாட்டில் என்றால் முழுசும் நிரப்பணும் என்று சட்டமில்லை. குழந்தை முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். திணிக்காதீர்கள்.

முதலில் தண்ணீர், பிறகு தலைதட்டிய கரண்டிப் பவுடர். பாட்டில் பெரிசு என்று தண்ணீரைக் கூட்டினால் சத்து குறையும்.

கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகத் தகராறு செய்வது இதனால்தான். ஆகவே தண்ணீரைக் கொதி வந்த பிறகும் மூணு நிமிஷம் விடுங்கள். பவுடர் கலக்கும்போது தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது, ஆறவைத்துக் கொடுங்கள். கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

ஆறு மாசத்துக்குப் பிறகு டம்ளரைப் பழக்குங்கள். பாட்டிலோடு தூங்க வைத்தால் முளைக்கிற பல் சொத்தையாகும்.

எல்லா விளம்பரமும் வருகிறது, பால் பாட்டில் விளம்பரம் மட்டும் ஏன் வருவதில்லை என்று யோசித்ததுண்டா? 1992-ல் வந்த சட்டம் அதைத் தடை செய்கிறது. தாய்ப்பாலுக்குப் போட்டி வரக்கூடாது என்றுதான்.

எல்லாம் கேட்டு முடித்ததும் அத்தை அலமாரியிலிருந்து எதையோ எடுத்து வந்தார். வெள்ளிச் சங்கு! "உங்க சம்சாரம் இதுலதான் குடிச்சா. ஓட்டை போடவே வேண்டாம் மாப்ளே!"

என் மனைவி சிரித்தாள். பையனும் சிரித்தான். முன் சீட்டுக்காரர் மட்டும் இன்னும் சிரித்திருக்க மாட்டார்!