யோபுவின் நண்பர்களும் எமது ஆறுதல் வார்த்தைகளும்: நல்லவர்களின் துன்பம் பற்றிக் கிறிஸ்தவ நம்பிக்கை என்ன சொல்கிறது?

1995ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின் மீதும் அயலிலிருந்த சின்னக்கதிர்காம முருகன் ஆலயத்தின் மீதும் விமானக் குண்டுகள் விழுந்தன. வலிகாமத்தின் பல கிராமங்களிலிருந்தும் இடம்பெயர்ந்து, கோயில் என்றால் அடிக்கமாட்டார்கள் என்று நம்பி அங்கே ஒதுங்கியிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1999 நவம்பர் 20ஆம் திகதி மடுத் திருத்தலத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது எறிகணைகள் விழுந்ததில் ஏறத்தாழ 40 பேர் பலியாகினர். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்கள்.

இந்தச் சம்பவங்களில் குற்றம் இழைத்தவர்கள் வேறு வேறு. ஆனால், மிஞ்சியவர்கள் மனதில் எழுந்த கேள்வி ஒன்றுதான். கடவுளின் வீட்டுக்குள் ஒதுங்கிய பிள்ளைகளையே அவர் காப்பாற்றவில்லை என்றால், அவர் எங்கே இருந்தார்? நல்லவர்களுக்கு ஏன் இது நடந்தது?

வடக்கு கிழக்கில் இந்தக் கேள்வியைக் கேட்காத கிறிஸ்தவக் குடும்பம் இருக்க முடியாது. ஆனால் அதைச் சத்தமாகக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்கள் பல வேளைகளில் காயத்தின் மேல் இன்னொரு காயமாகவே இருந்தன. "கடவுளின் சித்தம்", "அவர் தான் நேசிக்கிறவர்களைத்தான் சோதிப்பார்", "எங்கட பாவத்துக்குக் கிடைத்த தண்டனை" என்பவை மரண வீடுகளிலும் முகாம்களிலும் பிரசங்க மேடைகளிலும் நாம் கேட்டுப் பழகிய வசனங்கள். இந்துக் குடும்பங்களில் இதே இடத்தில் "முற்பிறப்பு வினை" என்று சொல்லப்பட்டது. சொற்கள் மாறினாலும் பழி வந்து சேர்ந்த இடம் மாறவில்லை. இழந்தவர்களின் தலையிலேயே அது விழுந்தது.

உண்மையில் கிறிஸ்தவ மறை நூல்கள் இதைத்தான் சொல்கின்றனவா?

பழைய கணக்கு

சிக்கலைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். கடவுள் எல்லாம் வல்லவர். கடவுள் முழுக்க நல்லவர். ஆனாலும் உலகில் கொடிய துன்பம் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாக நம்புவது எப்படி? கிறிஸ்துவுக்கு முன்பு வாழ்ந்த கிரேக்க மெய்யியலாளர் எபிகூரசின் பெயரோடு இந்தக் கேள்வி நீண்டகாலமாகப் பேசப்பட்டு வருகிறது.

திருச்சபையின் அறிஞர்கள் பல பதில்களைத் தந்தார்கள். தீமை என்பது கடவுள் படைத்த ஒரு பொருளல்ல, நன்மை இல்லாத குறைபாடே தீமை என்றும், மனிதர் தமக்குத் தரப்பட்ட சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் அது உலகில் வந்தது என்றும் புனித அகுஸ்தீன் விளக்கினார். மனிதர் முதிர்ச்சியடைந்து வளர்வதற்கான களமாக இந்த உலகைப் பார்க்கும் இன்னொரு மரபு, 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித இரேனியுவின் சிந்தனையிலிருந்து வளர்ந்தது.

இந்தப் பதில்களில் உண்மை இருக்கலாம். ஆனால் அவற்றுக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. 1755 நவம்பர் 1ஆம் திகதி, சகல புனிதர்களின் திருநாளன்று, மக்கள் திருப்பலிக்காக ஆலயங்களில் நிறைந்திருந்த வேளையில் போர்த்துக்கலின் லிஸ்பன் நகரைப் பூகம்பம் அழித்தது. உலகம் இருக்கக்கூடியதில் சிறந்த முறையிலேயே அமைக்கப்பட்டிருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்த ஐரோப்பிய மெய்யியல் அன்று ஆட்டங்கண்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்பின் மறுநாள். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கரையோரங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு, உலகம் முதிர்ச்சிக்கான பயிற்சிக்களம் என்ற விளக்கத்தை யாரால் சொல்ல முடியும்?

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் வாழ்க்கை இந்த எல்லையைத் தெளிவாகக் காட்டுகிறது. வலி பற்றிய பிரச்சினையை 1940இல் ஒரு நூலாக, மிகக் கச்சிதமான தர்க்கத்தோடு எழுதியவர் அவர். 1960இல் அவருடைய மனைவி புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு தன் துயரத்தைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூலில் பழைய நிதானம் இல்லை. கோபமும் சந்தேகமும் கடவுள் கதவைச் சாத்திக்கொண்டார் என்ற உணர்வும் அதில் இருந்தன. அதைத் தன் பெயரில் வெளியிடாமல் புனைபெயரிலேயே வெளியிட்டார். ஆனாலும் அவர் நம்பிக்கையைக் கைவிடவில்லை.

யோபுவின் வழக்கு

விவிலியத்தில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு முழு நூல் இருக்கிறது. 42 அதிகாரங்களைக் கொண்ட யோபு நூல், அவர் குற்றமற்றவர் என்பதை முதல் வரியிலேயே உறுதி செய்துவிடுகிறது. பிறகு ஒரே நாளில் அவருடைய கால்நடைகள், வேலையாட்கள், ஏழு மகன்மார், மூன்று மகள்மார் எல்லோரும் பறிபோகிறார்கள். அதன்பின் உடலெங்கும் புண்.

எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவருடன் நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும் எல்லாம் கெட்டுப்போகிறது. கடவுள் நீதியுள்ளவர், ஆகவே நீ ஏதோ பாவம் செய்திருக்கவேண்டும் என்பதே அவர்கள் சுற்றிச் சுற்றிச் சொல்வது. "உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள்" என்ற கருத்துப்படப் பேசும் அளவுக்குப் போகிறார்கள். பிள்ளைகளைப் புதைத்த ஒருவரிடம் பேசுகிறோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

நண்பர்களின் வாதம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. நன்மை செய்தால் ஆசி, தீமை செய்தால் சாபம் என்ற போக்கு விவிலியத்தின் வேறு நூல்களிலும் உண்டு. யோபு நூல் அந்தப் போக்கோடு விவிலியத்துக்குள்ளேயே நின்று வாதாடுகிறது. யோபு பணிந்துபோகவில்லை. தன் பிறந்த நாளைச் சபிக்கிறார். தன்னையும் கடவுளையும் விசாரிக்க ஒரு நடுவர் வேண்டும் என்கிறார். தன் சொற்கள் அழியாமல் எழுதி வைக்கப்படவேண்டும், பாறையில் செதுக்கப்படவேண்டும் என்று கேட்கிறார்.

இறுதியில் கடவுள் பேசுகிறார். ஆனால், ஏன் என்ற கேள்விக்கு அவர் நேரடிப் பதில் எதையும் தரவில்லை. அண்டத்தின் பெருமையைக் காட்டுகிறார், அவ்வளவுதான். இது பல வாசகர்களை ஏமாற்றுகிறது. அந்த ஏமாற்றம் நியாயமானதே. ஆனால் தீர்ப்பு ஒன்று மிகத் தெளிவாக இருக்கிறது. கடவுளை நியாயப்படுத்திப் பேசிய நண்பர்கள் சரியாகப் பேசவில்லை, தன்னோடு வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினார் என்று கடவுளே சொல்கிறார். அந்த நண்பர்கள் மன்னிப்புப் பெறுவதற்கு யோபு அவர்களுக்காக மன்றாட வேண்டியிருந்தது.

எமது பிரசங்கங்களில் பொறுமையின் சிகரமாகக் காட்டப்படும் யோபு, அந்த நூலின் முதல் இரண்டு அதிகாரங்களின் யோபு மட்டுமே.

யார் செய்த பாவம்?

இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்கிறார் இயேசு. கடவுளின் செயல் அவரில் வெளிப்படவேண்டும் என்று கூறி, உடனே அவருக்குப் பார்வை கொடுக்கும் வேலையில் இறங்குகிறார்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் எமது அனுபவத்துக்கு இன்னும் நெருக்கமானது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரை ஆளுநர் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் கொண்டுவருகிறார்கள். வழிபாட்டின்போது அரசால் கொல்லப்பட்ட மக்கள் அவர்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைப் பற்றியும் அப்படியே சொல்கிறார். அதே மூச்சில், கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பவும் அழைக்கிறார். அந்த அழைப்பு உயிரோடு நின்றவர்களுக்கானது. இறந்தவர்களின் மீது எந்தக் குற்றமும் சுமத்தப்படவில்லை. ஒருவன் கொலையாலும் மற்றவன் விபத்தாலும் இறந்தாலும், சாவை வைத்து ஆளை எடைபோட முடியாது.

சிலுவையில் நின்ற கேள்வி

கிறிஸ்தவ நம்பிக்கையின் மையத்தில் இருப்பதே ஒரு நல்லவரின் துன்பம்தான். இயேசு கைது செய்யப்பட்டார், சித்திரவதை செய்யப்பட்டார், அரச தண்டனையாகப் பகிரங்கமாகக் கொல்லப்பட்டார். கடவுள் தன்னை ஏன் கைவிட்டார் என்ற 22ஆம் திருப்பாடலின் கதறலோடு அவர் இறந்ததை மத்தேயுவும் மாற்கும் மறைக்காமல் எழுதினார்கள். ஏன் என்று கேட்பது விசுவாசக் குறைவு என்றால், அந்தக் குறைவு சிலுவையிலும் இருந்தது என்றாகிவிடும்.

ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் இந்த இடத்திலிருந்துதான் சிந்திக்கத் தொடங்கினார். 1943இல் ஹம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவர் பதின்ம வயதுப் பையன். பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போனான், இவர் தப்பினார். பிறகு போர்க் கைதியாக இருந்த காலத்தில் விவிலியத்தை வாசித்தார். 1972இல் வெளிவந்த 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்ற நூலில், மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கடவுளைப் பற்றியல்ல, துன்பப்படுகிறவர்களோடு துன்பப்படும் கடவுளைப் பற்றியே அவர் எழுதினார். ஏன் என்ற கேள்விக்கு இது பதிலாகாது. கடவுள் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கே இது பதில் சொல்கிறது.

எமது மண்ணில் அந்தப் பதிலுக்குச் சில முகங்கள் உண்டு. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் எறிகணையில் இறந்தபோது அவர்களோடு நின்ற பங்குத்தந்தை ஜிம் பிறவுன், சில நாட்களின் பின்னர் காணாமல் ஆக்கப்பட்டார். 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. இவர்கள் மக்களுக்கு விளக்கம் கொடுத்துவிட்டு விலகிப்போனவர்கள் அல்லர்.

புலம்பல் ஒரு மனு

150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். எருசலேம் அழிக்கப்பட்டதைப் பாடும் 'புலம்பல்' என்றொரு தனி நூலே இருக்கிறது. ஒப்பாரியை அறிந்த சமூகத்துக்கு இது புரியும். ஒப்பாரி அழுகை மட்டுமல்ல, அது முறைப்பாடும்தான். இன்னார் போனார், இன்னது நடந்தது, இதற்கு யார் பொறுப்பு என்று அது பெயர் சொல்லிக் கேட்கும்.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் செய்ததை இந்த மரபிலேயே வைத்துப் பார்க்கலாம். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரச அலுவலகங்கள் பதிந்த மக்கள் தொகை 429,059. இறுதியில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி எழுத்தில் பதிவாகியது. தன் சொற்கள் பாறையில் செதுக்கப்படவேண்டும் என்று யோபு கேட்டதும் இதற்காகத்தான். ஆயர் 2021இல் காலமானார். கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

இரட்டிப்பாகத் திரும்பியவையும் திரும்பாதவர்களும்

யோபு நூலின் முடிவில் அவருடைய செல்வம் இரட்டிப்பாகிறது. 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன. ஆனால் பிள்ளைகள் இரட்டிப்பாகவில்லை. மீண்டும் ஏழு மகன்மார், மூன்று மகள்மார். இறந்த பத்துப் பேரும் திரும்பி வரவுமில்லை. ஆட்டை ஆட்டால் ஈடுசெய்யலாம், பிள்ளையைப் பிள்ளையால் ஈடுசெய்ய முடியாது என்பதை எங்கள் தாய்மாருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஒரு தடவைக் கொடுப்பனவாக ஓர் இலட்சம் ரூபா வழங்க 2022இல் அமைச்சரவை அங்கீகாரம் அளித்தபோது, உறவினர் சங்கங்கள் பல அதை மறுத்தன. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் கேட்டது பணத்தை அல்ல, பதிலை. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள்.

இரண்டு 'ஏன்'கள்

இங்கேதான் நாம் கவனமாக இருக்கவேண்டும். எமது துன்பத்தில் இரண்டு வகையான 'ஏன்' இருக்கிறது. கடல் ஏன் பொங்கியது, பச்சைக் குழந்தைக்கு ஏன் புற்றுநோய் என்ற கேள்விகள் கடவுளை நோக்கியவை. அவற்றுக்கு முழுமையான பதில் கிறிஸ்தவத்திடம் இல்லை. துணை நிற்கும் கடவுளும் உயிர்ப்பின் நம்பிக்கையும்தான் உண்டு. அந்த நம்பிக்கை பலரை உயிரோடு வைத்திருக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் தேவாலயத்தின் மேல் குண்டு போட்டது யார், பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் எங்கே, உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு முன்பே கிடைத்த எச்சரிக்கைகள் ஏன் கவனிக்கப்படவில்லை என்பவை மனிதரை நோக்கிய கேள்விகள். கட்டளையிட்டவர்கள் உண்டு, கோப்புகள் உண்டு, சாட்சிகள் உண்டு. இவற்றையும் "கடவுளின் சித்தம்" என்ற பெட்டிக்குள் போட்டு மூடுவது பக்தியாகாது. பதில் சொல்லவேண்டியவர்களை அது தப்பவிடுகிறது. உண்மை வெளிவருமுன் மன்னிப்பை மட்டும் பாதிக்கப்பட்டவர்களிடம் வற்புறுத்துவதும் அதையே செய்கிறது. இயேசு மன்னிக்கச் சொன்னார், ஆனால் நடந்ததை மறைக்கச் சொல்லவில்லை. உயிர்த்த பின்பும் அவருடைய உடலில் காயங்கள் இருந்தன. அவற்றைச் சீடர்களுக்குக் காட்டினார்.

ஆகவே அடுத்த முறை ஒரு மரண வீட்டுக்கோ நினைவேந்தலுக்கோ போகும்போது, யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாட்களில் செய்ததைச் செய்யலாம். பக்கத்தில் உட்காரலாம். இழந்தவர் பேசினால் கேட்கலாம். அவர் கடவுளைத் திட்டினாலும் திருத்தாமல் இருக்கலாம். பிறகு, அவருக்குப் பத்திரம் நிரப்பவோ, சாட்சியம் எழுதவோ, வழக்குத் தவணைக்குத் துணையாகப் போகவோ ஓர் ஆள் தேவைப்பட்டால், அந்த ஆளாக இருக்கலாம்.