நிழலைப் படித்தல்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், கரைசேர்ந்த சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து உண்டா என்பது வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. 1973ஆம் ஆண்டு தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் வெறுங்கண்ணால் பிரித்தறிதல் அரிது. ஊடுகதிர்ப் படத்திலோ, வளர்ப்பு முத்தின் நடுவே வைக்கப்பட்ட உருண்டைக் கரு தனித்துத் தெரியும். ஆனால், பழகிய கண்ணுக்கே தெரியும்.

மனித உடலைப் படமாக்கிப் படிப்பதும் அத்தகையதே. 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1934இல் சென்னையில் பர்னார்டு கதிரியக்கவியல் நிறுவனம் தோன்றியது. 2019இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், படம் படிக்கும் பயிற்சி முதலாண்டு உடற்கூறியலிலேயே இடம்பெறுகிறது. முத்தையாபுரத்திற்கு அண்மையிலுள்ள தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி உட்பட, நாடெங்கும் புதிதாகச் சேரும் மாணவர் எலும்பைக் கையில் ஏந்திக் கற்கும்போதே அதன் நிழலையும் கற்கின்றனர்.

ஊடுகதிர்ப் படம் என்பது நிழலே. காற்று கறுப்பாகவும், கொழுப்பு கருஞ்சாம்பலாகவும், தசையும் நீர்மமும் சாம்பலாகவும், எலும்பு வெண்மையாகவும் தோன்றும். நுரையீரலைச் சூழ்ந்து தேங்கியிருப்பது நீரா, சீழா, குருதியா என்பதை நிறம் சொல்லாது. மூன்றும் ஒரே சாம்பல்தான். ஆகவே, நோயாளியிடம் கேட்டறியாமல் படத்தை மட்டும் படிப்பவர் பாதியைத்தான் படிக்கிறார்.

மாணவர் முதலில் தடுமாறுவது திசையில்தான். மார்புப் படத்தில் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் அமைவது நோயாளியின் வலப்பக்கம். இதனை மறந்தால், நோயுற்ற நுரையீரலை விடுத்து நலமான நுரையீரலின் பக்கம் ஊசி பாயக்கூடும். அடுத்தது ஆழம். முன்பின்னாக அமைந்த உறுப்புகள் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. உப்பளத்தில் வழுக்கி விழுந்த ஒருவரின் மணிக்கட்டை நேராக எடுத்த படம் முறிவைக் காட்டாதிருக்கலாம். பக்கவாட்டில் எடுத்த படம் அதனைக் காட்டிவிடும்.

நல்ல ஆசிரியர் நோயுற்ற படத்தை முதலில் காட்டுவதில்லை. இயல்பான படங்களையே பலமுறை பார்க்கச் செய்கிறார். மாணவருக்கு இது சலிப்பூட்டும். ஆயினும் வேறு வழியில்லை. வளரும் பருவத்தினரின் எலும்பு முனையருகே வளர்தட்டு என்னும் குருத்தெலும்பு உண்டு. குருத்தெலும்பு ஊடுகதிரை எலும்பைப்போல் தடுக்காததால், அவ்விடம் கருங்கோடாகத் தெரியும். அதனை முறிவு எனக் கொண்டு சிறுவனின் நலமான கைக்கு மாவுக்கட்டுப் போட நேரலாம். இப்பாடத்தைப் பயிலும் மாணவர் சிலரின் மணிக்கட்டிலும் அக்கோடு இன்னும் மறையாதிருக்கலாம். ஐயம் எழும்போது, அடிபடாத மறுகையின் படத்தை அருகில் வைத்து ஒப்பிடுவதும் உண்டு. இரு கைகளிலும் கோடு ஒன்றுபோல் அமைந்து, அழுத்திப் பார்க்கையில் அவ்விடத்தில் வலியும் இல்லையெனில், அக்கோடு பெரும்பாலும் வளர்தட்டே.