பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எங்கே?

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, பருத்தியும் கம்பும் விளையும் கரிசல் பூமியைக் கடந்து ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியை அடையும் யாத்திரிகர்கள், அங்கே கம்பீரமான கோட்டை ஒன்றைக் காண்பர். "வீரபாண்டியக் கட்டபொம்மன் போர் புரிந்த கோட்டை இதுவே" என்று பலர் கைகூப்பி நிற்பதுண்டு. ஆனால் அது 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசாங்கத்தார் எழுப்பிய ஞாபகச் சின்னமாகும். அப்படியாயின் உண்மைக் கோட்டை எங்கே?

அக்கோட்டை கல்லால் ஆயதன்று, மண்ணால் ஆயது. 1799 செப்டம்பர் 5-ந் தேதி மேஜர் பானர்மன் அதைத் தாக்கி, அதிகாரிகள் சிலரைப் பலிகொடுத்துப் பின்வாங்கினார். பின்னர் கட்டபொம்மன் வெளியேறவே, கோட்டை கும்பினியார் வசமாயிற்று, அதை இடித்தார்கள். அக்டோபர் 16-ந் தேதி அவ்வீரரைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்றே எண்ணினார்கள்.

1801 பிப்ரவரி 2-ந் தேதி தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். சில தினங்களில் கும்பினிப் படை வந்து பார்க்கையில், இடித்த மதில்கள் மீண்டும் எழுந்து நின்றன! மண்கோட்டையாதலால் அன்றோ அது கைகூடிற்று? மார்ச்சு 31-ந் தேதித் தாக்குதலும் தோற்றது. மே 24-ந் தேதிதான் கர்னல் அக்னியூ கோட்டையைக் கைப்பற்றினார்.

இம்முறை கும்பினியார் இடித்ததோடு நிற்கவில்லை. கோட்டை நின்ற இடத்தை ஏரோட்டி ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரையே பதிவேடுகளினின்று நீக்கினார்கள் என்றும் கூறுவர். மதிலுக்கு மண் தந்த பூமியே அம்மதிலைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

ஆயினும் இடம் மறையவில்லை. அதைக் காட்டும் சாட்சிகளுள் இருவர் எதிரிகளே என்பதுதான் விந்தை! அப்போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், கோட்டை ஏறக்குறைய ஐந்நூறு அடி நீளமும் முந்நூறு அடி அகலமும் உடையதென்று அளவு சொல்லி வைத்தார். மாண்ட வெள்ளைச் சிப்பாய்களுக்கு அங்கேயே எழுப்பிய கல்லறைகள் மற்றொரு சாட்சி. ஊரின் பெயரை அழித்தவர்கள் தம்மவர் புதைகுழிகளை அழிக்கவில்லை. அவையே போர்க்களத்துக்கு எல்லைக் கற்களாயின. மூன்றாவது சாட்சி பூமியே. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பிலுள்ள பழைய அரண்மனையின் அஸ்திவாரங்களை இன்றும் அங்கே காணலாம்.

புதிய கோட்டையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நினைவுக்கு ஓர் உருவம் வேண்டியதே. ஆனால் வர்ணம் பூசிய மதிலைக் கண்டு திரும்பும் குழந்தைகள், அந்தத் தாழ்ந்த அஸ்திவாரங்களையும் காணாமல் வருவது தகுமா? இரத்தம் சிந்திய மண் அதுவே. பாஞ்சாலங்குறிச்சி செல்லும் குடும்பத்தினர் இன்னும் சிறிது தூரம் நடந்து, அவ்விடத்தையும் தம் மக்களுக்குக் காட்டுவார்களாக.