மகளின் படிப்பை நிறுத்துமுன்...



"மகள் பெரியவளாகிவிட்டாள். படித்தது போதும். இனி வீட்டில் இருக்கட்டும்."

நம் ஊர்களில் இன்றும் கேட்கும் பேச்சு இது. உம்மா வெளிநாடு போய்விட்டால் தம்பி தங்கையரைப் பார்க்க மூத்த மகளைத்தான் மறிக்கிறோம். நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் பேசி வந்தாலும் அவளுடைய புத்தகப் பைதான் முதலில் மூலைக்குப் போகிறது. இது எங்கள் வீட்டு விஷயம்தானே என்று நினைக்கிறோம். நாட்டின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இலங்கையின் கல்விக்கு அடித்தளமான கல்விக் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்தபோது, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு திறந்தது. கதவு திறந்திருந்தும் பிள்ளையை அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள். ஆகவே அதே கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது பெற்றோரின் கட்டாயக் கடமையாயிற்று. 2016இல் அந்த வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது.

இரண்டு வருடம் கூட்டியதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கிறீர்களா? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். 5 வயது பூர்த்தியாகி முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை, 14 வயதில் ஒன்பதாம் ஆண்டை முடிக்கும். அங்கே நிறுத்தினால் கையில் ஒரு சான்றிதழும் இராது. 16 வயதை ஒட்டித்தான் பதினோராம் ஆண்டை முடித்து, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும். அதில் சித்தியடைந்தால்தான் உயர்தரம். உயர்தரம் இல்லாமல் கல்வியியற் கல்லூரியும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை.

பிரசவ வார்டில் நம் பெண்ணொருத்தி தாதியாக இல்லையே, குமர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்க ஒரு டீச்சர் இல்லையே என்று குறைப்படுகிறோம். அந்தத் தாதியும் டீச்சரும் எங்கிருந்து வருவார்கள்? ஒன்பதாம் ஆண்டோடு நாம் மறித்து வைத்த பிள்ளைகளிலிருந்துதானே வரவேண்டும்?

இன்னொன்றையும் மனந்திறந்து பேசவேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஆக்கப்பட்டபோது, மணமகளுக்குக் குறைந்தபட்ச வயதென்று ஒன்று அதில் வைக்கப்படவில்லை. 12 வயதுக்குட்பட்டவளாயின் காழியாரின் அனுமதி வேண்டும் என்று மட்டுமே சொன்னது. அதைத் திருத்துவது பற்றிப் பல வருடங்களாக வாதப் பிரதிவாதம் நடந்திருக்கிறது. ஆனால் கட்டாயக் கல்வி விதி இன மத பேதம் பார்ப்பதில்லை. 15 வயது மகளின் படிப்பைக் குழப்பிக் கலியாணம் பேசும்போது இந்த விதியை நாம் மறந்துவிடலாகாது.

மார்க்கம் இதற்குத் தடையா? முதல் வஹீயே ஓதும்படி பணித்துக்கொண்டுதான் இறங்கியது. ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் பெரும் பெரும் ஸஹாபாக்கள் வந்து சந்தேகம் தெளிந்து போனார்கள். நம் நாட்டிலும் அறிஞர் சித்திலெப்பை அவர்கள், பெண் பிள்ளைகளைப் படிப்பிக்கத் தயங்கிய அந்த 19ஆம் நூற்றாண்டிலேயே, கண்டியில் முஸ்லிம் பெண்களுக்காகப் பாடசாலை தொடங்கினார்கள்.

சகோதரிகளே, உங்கள் மகள் படிப்பை நிறுத்தியிருந்தால் நாளைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு அதிபரைக் காணுங்கள். தூரம், பஸ், பர்தா என்று எந்தச் சிரமம் இருந்தாலும் அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். சரிவராவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கும் தொழிற்கல்வியோடு படிப்பைத் தொடர, 2017இல் 13 வருடக் கல்வித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அதைப் பற்றியும் விசாரியுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை நின்றுவிட்டாள் என்று தெரிந்தால் அவளுடைய உம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சம்பந்தம் இன்னொன்று வரும், இன்ஷா அல்லாஹ். பதினோராம் ஆண்டை விட்டுவிட்ட பிள்ளைக்கு அந்த வகுப்பைத் திரும்பக் கொடுப்பது அத்தனை இலகுவல்ல.