களத்துமேட்டு விளக்கு

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் சொர்ணவாரி நெல் ஆடி, ஆவணித் திங்கள்களில் அறுவடைக்கு வரும். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். மாலையிலோ மேற்கே கார்முகில் திரளும். உலரப் பரப்பிய நெல்லை இருட்டிலே வாரிக் குவித்துத் தார்ப்பாயால் மூடவேண்டிய நெருக்கடி அப்பொழுது நேரும். அந்த அரைமணி நேரத்தில் உழவர்க்கு உற்ற துணை களத்துமேட்டு விளக்கே. அதனைத் தேர்ந்தெடுக்கும் வகையை ஈண்டு ஆராய்வோம்.

'கடையில் உள்ளவற்றுள் பெரிய விளக்கை வாங்கினாற் போதாதோ?' என்று சிலர் கேட்பர். என் தமக்கையின் மகனும் அவ்வாறே எண்ணினான். 200 வாட் விளக்கு ஒன்றை வாங்கிக் களத்தின் ஓரத்தில், ஆள் உயரத்திற்குச் சற்று மேலே, நேரே நோக்குமாறு பொருத்தினான். களம் பட்டப்பகல் போல விளங்கிற்று. ஓரிரவு யான் வைக்கோற்போரின் பக்கமாக நடந்தேன். விளக்கொளி கண்ணைக் கூசச் செய்தது. போரின் நிழலோ மையிருளாய்க் கிடந்தது. கைவிளக்குடன் பின்னே வந்தவன், "மாமா, நில்லுங்கள்!" என்று கூவினான். யான் அடிவைக்க இருந்த இடத்திற்கு ஒரு முழம் அப்பால் கண்ணாடி விரியன் ஒன்று சுருண்டிருந்தது. அத்துணைப் பெரிய விளக்குக் காட்டாததை அச்சிறு கைவிளக்குக் காட்டிற்று.

இஃது எளிதாக எண்ணத்தக்க செய்தியன்று. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் பாம்புக்கடியால் மாண்டனர் என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அவர்களுட் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தோர்.

விளக்கு வாங்குவோர் முதலில் நோக்குவது வாட் என்னும் எண்ணையே. அவ்வெண் விளக்கு உண்ணும் மின்சாரத்தைக் குறிக்குமேயன்றி, அது வழங்கும் ஒளியைக் குறிக்காது. சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு வைப்போர் 90 அல்லது 96 ஆடுகளை அளிப்பது வழக்கம். அவற்றின் பயனாக நாள்தோறும் உழக்கு நெய் விளக்குக்கு வரும். அவர்கள் நெய்யை அளந்தனர். நாம் வாட்டை அளக்கிறோம். இரண்டும் விளக்கின் உணவை அளப்பனவே. ஒளியின் அளவைக் கூறுவது லூமன் என்பது. பழைய 100 வாட் குண்டுவிளக்குத் தந்த ஒளி சற்றேறக்குறைய 1,300 லூமன். அவ்வளவு ஒளியை இக்கால எல்.இ.டி. விளக்கு 13 அல்லது 14 வாட்டிலேயே தந்துவிடும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி விழுமாயின், அது ஒரு லக்ஸ் எனப்படும். முழுநிலவின் ஒளி கால் லக்ஸ் அளவினதே. நெல்லை வாரவும், காலடியைக் காணவும் 20 லக்ஸ் சாலும். நீளமும் அகலமும் 15 மீட்டர் உள்ள களத்தின் பரப்பு 225 சதுர மீட்டர். ஆதலின் தரையில் 4,500 லூமன் விழவேண்டும். பாதி ஒளி புறத்தே சிதறும் எனக் கொண்டால் 9,000 லூமன் தேவை. இதனை ஒரே விளக்கிற் பெறலாமே எனின், ஆகாது. ஒரு விளக்கின் நிழலைப் போக்க மற்றொரு விளக்கு வேண்டும். எதிரெதிர் மூலைகளில் 50 வாட் அளவினவாக இரண்டு வைத்தால், ஒன்றன் நிழலில் மற்றதன் ஒளி புகும்.

அவற்றை எத்துணை உயரத்தில் வைப்பது? தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். இது கருதித் தாழ வைப்போர் பலர். தாழ வைத்தாலோ நிழல் நீளும், கண்ணும் கூசும். 5 அல்லது 6 மீட்டர் உயரக் கம்பத்தில், முகம் தரையை நோக்கச் சாய்த்து வைத்தலே நன்று.

நீலம் கலந்த வெள்ளொளி பூச்சிகளை மிகுதியாக ஈர்க்கும். பூச்சியைத் தேடித் தேரை வரும். தேரையைத் தேடி நல்ல பாம்பு வரும். பாம்பைக் காண வைத்த விளக்கே பாம்பை அழைப்பது வேடிக்கையன்றோ! நெற்பயிரின் தண்டைத் துளைக்கும் புழுவை ஈனும் அந்துப்பூச்சியும் விளக்கொளியை நாடுவதே. ஆதலின் 3,000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் ஒளியைக் கொள்க. ஒளி வயலிற் படாதவாறும் காத்தல் வேண்டும். சம்பா வகைகளுட் பல, இரவு நீண்ட பின்னரே பூப்பன. இரவெல்லாம் வெளிச்சம் பட்ட பயிர் கதிர்விடக் காலந் தாழ்க்கும்.

வெட்டவெளியில் நிற்கும் விளக்கிற்கு ஐ.பி. 65 என்னும் குறி இருத்தல் வேண்டும். 6 என்பது தூசி புகாமையையும், 5 என்பது பீச்சும் நீரைத் தாங்குதலையும் குறிக்கும். ஈரக் களத்தில் மின்கசிவு உயிரைக் கொல்லும். நிலத்தொடர்புக் கம்பியும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இன்றி விளக்கைப் பொருத்தலாகாது.

விளக்கின் விசையைக் கம்பத்தில் வைப்பதும் பெரும் பிழை. அதனைப் போட இருட்டில் அன்றோ நடக்கவேண்டும்? என் மருமகன் இப்பொழுது விசையை வீட்டு வாயிலில் வைத்திருக்கிறான். கம்பங்கள் இரண்டு, விளக்குகளும் இரண்டு. அந்த 200 வாட் விளக்குப் பரண்மேற் கிடக்கிறது.