தொட்டிக்குள் ஒரு கடல் – 7: பூவைப் பிடித்திருக்கும் நண்டு

மீன் விட்டாயிற்று, தண்ணீரும் நிலைத்துவிட்டது. இனி எல்லோருக்கும் வரும் ஆசை, முதுகெலும்பில்லாத உயிர்களில் வேறு யார் வீட்டிலும் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து விடுவது. கோவையில் இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நிறத்தில் மயங்குவதற்கு முன், அது எதைத் தின்று பிழைக்கிறது என்று கேளுங்கள்.

கண்ணைப் பறிக்கும் பல உயிர்கள் இந்தக் கேள்வியிலேயே கழிந்துவிடும். ஹார்லெக்வின் இறாலுக்கு நட்சத்திர மீன்தான் சாப்பாடு. அதற்காக நட்சத்திர மீன் வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீல நிற லிங்க்கியா நட்சத்திர மீன் பாறைமேல் படியும் மெல்லிய படலத்தை மேய்வது. சிறு தொட்டியில் அது போதாமல், வெளியே தெரியாமலே மெலிந்து சாகும். ஃப்ளேம் ஸ்காலப் என்கிற சிவப்புச் சிப்பி, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது. நாம் பாடுபட்டுச் சுத்தமாக வைத்திருக்கும் தண்ணீரே அதற்குப் பட்டினி.

இன்னும் சிலவற்றைச் சட்டமே கழித்துவிடுகிறது. 2001-இல் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் கடல் அட்டைகள், பாறை கட்டும் பவள உயிர்கள், கடல் விசிறிகள், சில ராட்சதச் சிப்பிகள் எல்லாம் சேர்க்கப்பட்டன. ராமேஸ்வரம் போனவர்கள் கரையில் கிடந்தது என்று பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றம்தான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல், 1986 முதல் தேசியப் பூங்கா. வெட்டியெடுத்த பவளம் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் போன காலம் உண்டு. அந்தக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. நம் தொட்டிக்குப் பீங்கான் பாறை போதும்.

சரி, எதைத்தான் வைப்பது? என் முதல் தேர்வு பிஸ்டல் இறாலும் அதோடு கூடி வாழும் கோபி மீனும். இறாலுக்குக் கண் மந்தம். நாளெல்லாம் மணலை வாரி வெளியே தள்ளி வளை தோண்டும். தோண்டும்போதே ஒரு மீசையை மீனின் மேல் வைத்திருக்கும். வாசலில் காவலிருக்கும் மீன், ஆபத்து என்றால் வாலைப் படபடவென அசைக்கும்; அடுத்த நொடி இரண்டும் உள்ளே. இறாலின் பெரிய கொடுக்கு ஒரு சொடுக்குப் போட்டால் நீரில் குமிழி உண்டாகும். அது உடையும்போது ஒளி மின்னுகிறது என்றும், உள்வெப்பம் குறைந்தது 5,000 கெல்வின் என்றும் 2001-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இறாலும் கோபியும் இறைச்சித் துணுக்குகளை ஆவலோடு தின்னும். பாறைகளை மணல்மேல் வைக்காமல் கண்ணாடித் தரையிலேயே உட்கார வையுங்கள்; இறால் அடியில் தோண்டினால் பாறை சரிந்து அதையே நசுக்கிவிடும். தொட்டிக்கு மூடியும் வேண்டும், கோபி துள்ளும்.

அடுத்தது பாம்பாம் நண்டு. முழு வளர்ச்சியிலும் கட்டைவிரல் நகத்தளவுதான். இரு கொடுக்கிலும் ஒவ்வொரு குட்டிக் கடல் சாமந்தியைப் பிடித்துக்கொண்டே திரியும். எதிரி வந்தால் அவற்றை நீட்டி ஆட்டும். அவை பற்றும் உணவையும் பிடுங்கித் தின்னும். செங்கடல் நண்டுகளை வைத்து இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டது எனக்கு இன்றும் வியப்பு: ஒன்றைப் பறித்துவிட்டால், மிச்சமிருப்பதை நண்டே இரண்டாகக் கிழித்து இரு கையிலும் வைத்துக்கொள்கிறது. கிழிந்த இரண்டும் வளர்ந்துவிடுகின்றன. இதைப் பிஸ்டல் இறாலோடு ஒரே சிறு தொட்டியில் விடாதீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை இரண்டு. "அண்ணா, இது தின்கிறதை ஒருக்கா காட்டுங்க" என்பது முதலாவது. "இந்தத் தண்ணீல தாமிர மருந்து போட்டீங்களா?" என்பது இரண்டாவது. மீனின் வெள்ளைப் புள்ளி நோய்க்குப் போடும் தாமிரம் இறாலுக்கும் நண்டுக்கும் விஷம். வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே கவிழ்த்துவிட வேண்டாம். காற்றுக்குழாயில் முடிச்சிட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். சில நாளில் இறால் செத்துக் கிடப்பதுபோல் தெரிந்தால் பதறாதீர்கள், கழற்றிப் போட்ட சட்டையாக இருக்கும். அதை எடுக்க வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்காக இறாலே தின்னும்.

கூடுமானவரை பண்ணையில் பிறந்ததைக் கேளுங்கள். லட்சத்தீவின் அகத்தியில் மீன் மரபணு வளங்களுக்கான தேசிய நிறுவனம் அலங்கார இறால்களைப் பெருக்கி, தீவுப் பெண்களுக்கும் வளர்க்கக் கற்றுத் தந்திருக்கிறது. இப்படிப் பிறந்தவற்றை நாம் கேட்கக் கேட்கத்தான் கடைக்காரரும் தேடுவார்.

கடைசியாக, தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. சிறுவாணித் தண்ணீரானாலும் போர் தண்ணீரானாலும் ஆர்.ஓ. வழியாகத்தான் தொட்டிக்குள் போக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். உப்பு அப்படியே நிற்கும். அதனால் ஆவியான அளவுக்கு, உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரையே தினமும் ஊற்றுங்கள். சித்திரை வெயிலுக்கு விசிறி போதுமா, சில்லர் வேண்டுமா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.