உருகிய சொம்பும் களிம்பேறிய குழம்பும்

ஈயச் சொம்பில் ரஸம் வைக்கும் வீடுகளில் இந்தக் கதை அநேகமாக இருக்கும். அடுப்பில் ரஸத்தை வைத்துவிட்டு, வாசலில் கீரைக்காரியோடு பேரம் பேசப் போயிருப்பார்கள். பேரம் நீண்டுவிடும். திரும்பி வந்து பார்த்தால் சொம்பைக் காணோம்! அடுப்படியில் வெள்ளி போல் ஒரு கட்டிதான் கிடக்கும்.

வெள்ளீயம் 232 டிகிரி ஸென்டிகிரேடில் உருகிவிடும். ரஸம் கொதிப்பதோ 100 டிகிரியை ஒட்டி. உள்ளே ரஸம் இருக்கும் வரையில் அது சூட்டை வாங்கிக்கொண்டு சொம்பைக் காப்பாற்றுகிறது. வற்றினால் தொலைந்தது! 'முதலில் புளித்தண்ணீரை ஊற்று, அப்புறம் அடுப்பில் வை' என்று பாட்டிமார் சொன்னது சும்மா அல்ல.

ஆனால் ஒன்று. போனது சொம்புதான், ஈயம் போகவில்லை. இதைத்தான் பௌதிக மாற்றம் என்கிறார்கள். 'பழைய நிலைக்குத் திரும்பினால் பௌதிக மாற்றம்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு அந்த இலக்கணத்தில் அவ்வளவு திருப்தியில்லை. நறுக்கிய கத்தரிக்காயை யாரால் ஒட்ட வைக்க முடியும்? ஆனாலும் அது கத்தரிக்காய்தானே! பொருள் அதேதானா, வேறாகிவிட்டதா என்பதல்லவா கேள்வி?

இப்போது பித்தளைப் பாத்திரத்துக்கு வாருங்கள். கறுத்துப்போனதைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறது. வெறும் அழுக்கு உதிர்கிறது என்று நினைக்காதீர்கள். பித்தளையிலுள்ள தாமிரம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து அந்தக் கறுப்புப் படிந்திருக்கிறது. புளியிலுள்ள அமிலம் அதைப் பிடித்து, தண்ணீரில் கரையும் தாமிர உப்பாக மாற்றிவிடுகிறது. புதுப் பொருளே பிறந்துவிட்டது! இது ரஸாயன மாற்றம்.

தேய்க்கும்போது அந்த உப்பு சாக்கடையோடு போய்விடும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பை இரவு முழுவதும் வைத்திருந்தால்? அதே புளி, அதே தாமிரம், அதே உப்பு. போய்ச் சேருமிடம் மட்டும் உங்கள் குழந்தையின் வயிறு. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி எல்லாம் வரும். தயிரும் எலுமிச்சையும் இதே வேலையைத்தான் செய்யும். 'சுட வைத்தால் சரியாகிவிடும்' என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். தாமிரம் எங்கே போகும்?

இதற்காகத்தான் ஈயம் பூசுவது. பூசுகிறவர் காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவுகிறாரே, புகை கிளம்புகிறதே, அது ரஸாயனம், கறுப்பை நீக்குகிறது. பிறகு ஈயம் உருகிப் பரவி இறுகுவது பௌதிகம். ஒரு நிமிஷத்துக்குள் இரண்டும் நடந்துவிடுகின்றன. பூசுவது வெள்ளீயந்தானா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். காரீயம் கலந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. குழந்தைகளின் மூளையைக் கெடுத்துவிடும்.

பித்தளை மறுபடியும் நாகரிகமாகியிருக்கிறது. அழகுக்காக விற்கிற பாத்திரங்களும் உண்டு. வாங்கியதும் உட்புறத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் அதில் புளி வேண்டாம். பூசியது தேய்ந்து அடியில் மஞ்சள் தெரிந்தாலும் அப்படித்தான்.

சொம்பு உருகிப்போன வீட்டாருக்கு ஒரு வார்த்தை: கட்டியை எறிந்துவிடாதீர்கள். பாத்திரக் கடையில் எடைக்குப் போடலாம்.